சத்தமில்லாத கேமராவும் அடங்காத நாக்கும்

என் தங்கை சதுரங்கப் போட்டியின் இறுதி ஆட்டத்துக்குத் தேர்வான மறுநாளே நான் என் பழைய கேமராவை விற்றுவிட்டேன். மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுவதாக என் மகன் சொன்னான். அவனுக்கு என்ன தெரியும்? சில முடிச்சுகளை நாம்தான் போட வேண்டும்.

விஷயம் இதுதான். இறுதி ஆட்டம் நடக்கும் கூடத்துக்குள் உறவுக்காரர்கள் நுழையக் கூடாது. புகைப்படக்காரர்களையும் முதல் சில நிமிடங்களில் கழுத்தைப் பிடித்துத் தள்ளாத குறையாக வெளியேற்றிவிடுவார்கள். காரணம், டிஎஸ்எல்ஆர் கேமரா போடும் சத்தம். அதற்குள் ஒரு கண்ணாடி இருக்கிறது. பொத்தானை அழுத்தினால் அது மேலே எகிறி, மறுபடி கீழே விழும். கச்சக்! என் கேமரா போட்ட சத்தத்தில் பக்கத்துத் தெருவில் நாய்கள் எழுந்து நின்றிருக்கின்றன. ஒரு முறை எதிர்வீட்டுக் கட்டடமே லேசாக நகர்ந்தது. நான் பொய் சொல்வேனா?

இந்த வருஷம் புது விதி. சத்தமே போடாத கேமரா வைத்திருக்கும் ஒரே ஒரு புகைப்படக்காரர் மட்டும் ஆட்டம் முடியும்வரை உள்ளே இருக்கலாம். அதாவது மிரர்லெஸ். உள்ளே கண்ணாடியும் கிடையாது, கச்சக்கும் கிடையாது.

தங்கை போனில் அழைத்தாள். அவள் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவள். எங்கள் வீட்டில் இன்றும் அவள் சின்னவள்தான்.

"அக்கா, உள்ள இருக்கறவங்க எல்லாம் அவன் ஆளுங்க. நேத்து என்ன சொன்னான் தெரியுமா? 'பாவம், அதிர்ஷ்டத்துல வந்துட்டாங்க, அடிக்காம அனுப்பறேன்'னு சொன்னானாம். நம்ம பக்கம் ஒரு மூஞ்சியாவது இருக்கணும். நீ எப்படியாவது உள்ள வந்துடு."

அவன் என்றால் நடப்புச் சாம்பியன். ஏழு வருஷமாகக் கோப்பையை வீட்டுப் பாத்திரம்போல வைத்துக்கொண்டிருப்பவர்.

சின்னவள் என்னிடம் இதுவரை எதையும் கேட்டதில்லை. கேட்காமலே எடுத்துக்கொள்வாள். கேட்டுவிட்டாள் என்றால் பயந்திருக்கிறாள் என்று அர்த்தம். அவளைப் பயமுறுத்தும் உரிமை உலகத்திலேயே எனக்கு மட்டும்தான் உண்டு. இன்னொருவன் அதை எடுத்துக்கொள்வதா?

எங்கள் புகைப்படச் சங்கத்தின் தலைவர், மிரர்லெஸ் வாங்கும் என் முடிவைக் கேட்டுக் கொதித்தார். அவரிடம் இருக்கும் லென்ஸ் ஒரு ஆள் நீளம். அதனால் அவரைப் பீரங்கி என்று கூப்பிடுவோம், முதுகுக்குப் பின்னால். எனக்கு மட்டும் முகத்துக்கு நேராகவே வாய் வந்துவிடும்.

"மேடம், கண்ணாடி இல்லாத கேமரா கேமராவே இல்ல. அது சின்ன டிவி. அதுல படம் பாக்கலாம், எடுக்க முடியாது."

"உங்க கேமராவுல கண்ணாடி இருக்கே சார். அதுல ஒரு நாளாவது மூஞ்சிய பாத்துக்கிட்டதா தெரியலையே!"

சங்கமே சிரித்தது. அவர் விடவில்லை. தன் கேமராவைத் துண்டில் சுற்றிக்கொண்டு எடுத்தால் சத்தம் வராது என்று போட்டி நடத்துகிறவர்களிடமே போய்ச் சொன்னார். செய்தும் காட்டினார். போர்வைக்குள் யானை இருமுவதுபோல் இருந்ததாம். அனுமதிச் சீட்டு எனக்கு வந்தது.

"எக்ஸ்ரே எடுத்தவங்களுக்கு இதெல்லாம் எதுக்கு?" என்று கடைசியாக ஒரு குண்டு போட்டார்.

உண்மைதான். நான் வேலை பார்த்ததெல்லாம் எக்ஸ்ரே அறையில்தான். ஊரில் பாதிப் பேரை எலும்புவரை தெரியும். ஆனால் ஒரு எலும்பாவது "என் மூஞ்சி சரியா வரல"ன்னு குறை சொன்னதுண்டா? பீரங்கி எடுத்த கல்யாணப் படங்களைப் பற்றி நான் வாயைத் திறக்கவில்லை.

புது கேமரா வந்தது. எடுத்துக் கண்ணில் வைத்தேன். ஒரே இருட்டு. லென்ஸ் மூடியைக் கழற்றவில்லையோ என்று தடவிப் பார்த்தேன். கழற்றித்தான் இருந்தது. கடைக்காரன் ஏமாற்றிவிட்டான் என்று மகனைக் கூப்பிட்டுக் கத்தினேன். அவன் வந்து ஸ்விட்சைப் போட்டுவிட்டுப் போனான். டிஎஸ்எல்ஆரில் ஸ்விட்ச் போடாவிட்டாலும் எதிரில் இருப்பது தெரியும். இதற்கு உயிர் கொடுத்தால்தான் கண் திறக்கும்.

அடுத்து பொத்தானை அழுத்தினேன். சத்தமே இல்லை. எடுத்ததா இல்லையா? மறுபடி அழுத்தினேன். அப்புறம் பார்த்தால், சன்னலில் இருந்த தண்ணீர் பாட்டிலை மட்டும் ஒரு நடிகைக்கு எடுக்கிற அளவு எடுத்துத் தள்ளியிருந்தேன்.

இறுதி ஆட்டத்தன்று கூடத்துக்குள் நுழைந்தேன். தரை முழுக்க விரிப்பு. மேலே வெள்ளை விளக்குகள். நடுவில் ஒரு மேசை, இரண்டு நாற்காலி, ஒரு கடிகாரம். சுவரோரம் சாம்பியனுக்கு வேண்டிய நிர்வாகிகள், துக்க வீட்டுக்கு வந்தவர்கள்போல் கைகட்டி உட்கார்ந்திருந்தார்கள். நடுவர் ஒரு பெண்மணி. ரப்பர் செருப்பில் பூனை மாதிரி நடப்பார். எறும்பு கொட்டாவி விட்டாலும் அவருக்குக் கேட்கும்.

ஆட்டம் தொடங்கியது. மற்ற புகைப்படக்காரர்கள் வெளியேறினார்கள். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் பீரங்கி நின்றார், துண்டு சுற்றிய கேமராவோடு.

சின்னவள் என்னைப் பார்த்தாள். விறைத்திருந்த தோள் கொஞ்சம் இறங்கியது. நல்ல படம். அழுத்தினேன்.

ட்ச்.

நடுவர் நிமிர்ந்தார். சாம்பியன் நெற்றியைச் சுருக்கினார். நான் கேமராவைத் திருப்பிப் பார்த்தேன். அமைப்பெல்லாம் சரியாக இருந்தது. மறுபடி அழுத்தினேன்.

ட்ச்.

நடுவர் பக்கத்தில் வந்தார். "அம்மா, சத்தம் வராதுன்னு சொன்னீங்களே?" என்று காதோடு கேட்டார்.

"கேமரா சத்தம் போடல. நீங்களே அழுத்திப் பாருங்க."

அழுத்திப் பார்த்தார். சத்தமில்லை. என்னிடம் கொடுத்தார். நான் அழுத்தினேன். ட்ச். இந்த முறை அவர் கேமராவைப் பார்க்கவில்லை, என் வாயைப் பார்த்தார்.

"அம்மா… நீங்கதான் போடறீங்க. நாக்கால."

நம்புவீர்களா? கேமரா சத்தம் போடாததால் என் நாக்கு அந்த வேலையை எடுத்துக்கொண்டிருக்கிறது! படம் விழுந்த சத்தம் காதில் கேட்டாக வேண்டும் போலிருக்கிறது அதற்கு. சம்பளமில்லாமல் இவ்வளவு விசுவாசமாக உழைக்கும் உறுப்பை நான் பார்த்ததில்லை.

"இது எச்சரிக்கை. இன்னொரு தடவை கேட்டா வெளிய அனுப்பிடுவேன்."

கதவுக்கு வெளியே பீரங்கியின் பற்கள் அத்தனையும் தெரிந்தன. என்னைப் பார்த்துக் கையசைத்து 'வா வா' என்றார். என் மீசை முளைக்காத மேலுதட்டில் மீசை துடித்தது.

போவதா? நான் போனால் சின்னவள் அந்தக் கைகட்டிக் கூட்டத்துக்கு நடுவில் தனியாக உட்கார்ந்திருப்பாள். கேமராவின் தோள்வாரைச் சுருட்டினேன். வாய்க்குள் திணித்தேன். கடைவாய்ப் பல்லால் கடித்தேன். இப்போது நாக்கு அசையட்டும் பார்க்கலாம்!

அந்த நேரம் பார்த்துச் சின்னவள் தலை தூக்கினாள். கடிவாளம் கட்டிய குதிரை மாதிரி அவள் அக்கா நின்றுகொண்டிருந்தாள். சின்னவளின் கன்னம் உப்பியது. சிரிப்பை அடக்கினால் அவளுக்கு மூக்கு சிவக்கும். சிவந்தது. பயம் எந்த வழியாகப் போனதென்றே தெரியவில்லை. குனிந்து ஆட ஆரம்பித்தாள், சின்ன வயதில் என்னிடம் ஆடுவதுபோல, ஈவிரக்கமில்லாமல்.

ஆட்டம் நீண்டது. சாம்பியன் சட்டைக் காலரை விரல் விட்டுத் தளர்த்தினார். கடைசியில் முன்னால் குனிந்து, தாழ்ந்த குரலில் சொன்னார்.

"ட்ரா பண்ணிக்கலாமா மேடம்? உங்க வயசுக்கு இதுவே பெரிய விஷயம்."

"வேணாம் தம்பி," என்றாள் சின்னவள். "என் வயசுக்கு நேரம்தான் கம்மி. சீக்கிரம் ஆடுங்க."

அவர் ஆடினார். அவள் குதிரையை எடுத்து வைத்தாள். மெதுவாக, பூத்தொட்டியை வைப்பதுபோல் வைத்தாள். ஒரே குதிரை, ஒரு பக்கம் ராஜாவையும் இன்னொரு பக்கம் ராணியையும் மிரட்டியது. நான் பொத்தானை அழுத்திப் பிடித்தேன்.

ட்ச்!

கூடமே என்னைத் திரும்பிப் பார்த்தது. நடுவர் கதவைக் காட்டி விரலை நீட்டினார். வெளியே பீரங்கி துண்டை அவிழ்க்கத் தொடங்கிவிட்டார்.

நான் நகரவில்லை. தலையை இடமும் வலமும் ஆட்டினேன். நடுவர் என் முழங்கையைப் பிடித்தார். நான் தூணாக நின்றேன். எக்ஸ்ரே அறையில் எத்தனை பேரை 'அசையாதீங்க'ன்னு சொல்லி நிற்க வைத்திருப்பேன், எனக்கு நிற்கத் தெரியாதா? வாயை ஆவென்று திறந்து காட்டினேன். உள்ளே முழுக்க வார். ஒரு ஈ நுழையக்கூட இடமில்லை. அப்புறம் கேமராவின் பின்பக்கத் திரையை அவர் மூக்குக்கு நேரே நீட்டினேன்.

வரிசையாகப் படங்கள். குதிரை இறங்குகிறது. சாம்பியனின் கண் விரிகிறது. உதடு பிரிகிறது. நாக்கு மேற்பல்லில் ஒட்டுகிறது. அடுத்த படத்தில் ஒட்டிய நாக்கு கழன்றிருக்கிறது. அந்த 'ட்ச்' ஏழு வருஷக் கோப்பைக்காக வந்தது!

நடுவர் முன்னும் பின்னும் தள்ளிப் பார்த்தார். என் முழங்கையை விட்டார். நேராக மேசைக்குப் போனார்.

"சார், எதிராளிக்கு இடைஞ்சலா சத்தம் போடக் கூடாது. இது உங்களுக்கு எச்சரிக்கை."

ராணி போனது. கொஞ்ச நேரத்தில் சாம்பியன் தோல்வியை ஒப்புக்கொண்டு கை நீட்டினார். நான் அதுவரை வாரை மறுபடி கடித்துக்கொண்டு அதே இடத்தில் நின்றேன். வாரைப் பிடுங்க அப்புறம் தாடையை இரண்டு கையாலும் திறக்க வேண்டியிருந்தது.

வெளியே வந்ததும் சின்னவள் கேமராவைப் பிடுங்கினாள். ஒவ்வொன்றாகத் தள்ளினாள். தள்ளத் தள்ள அவள் முகம் மாறியது.

"என்னக்கா இது? நான் ஜெயிச்ச நேரத்துல எல்லாப் படத்துலயும் அவன் வாய்தான் இருக்கு! என் மூஞ்சி எங்க?"

"உன் மூஞ்சிய பாக்கவா நான் வந்தேன்? பொறந்ததுலேர்ந்து பாக்கறேன். அவன் மூஞ்சிதான் இன்னிக்குப் பாக்க நல்லா இருந்துச்சு."

"ஒரு படம்கூடவா எடுக்கல?"

"அடுத்த வருஷமும் ஜெயி. எடுத்துத் தரேன்."

"ஜெயிப்பேன்டி!" என்றாள், அக்கா என்ற மரியாதைகூட இல்லாமல்.