இடக்கண்ணை மூடிப் பார்த்தவன்

நான் முப்பது வருடக் கடற்காரன். தொண்டைமானாற்று வாய்க்குள் படகை விடும்போது இடக்கண்ணை மூடிக்கொண்டு, கோயில் கோபுரத்தையும் பின்னால் நிற்கும் போன் டவரையும் ஒரே கோட்டில் பிடிப்பேன். அந்தப் பழக்கம்தான் என்னைக் கவிழ்த்தது. எந்நேரமும் மூடிவைத்த கண் எப்போது கெட்டதென்று எனக்கே தெரியாது.

எச்.ஐ.வி. என்று எனக்கும் மனைவி பாலேஸ்வரிக்கும் ஒரே நாளில் சொன்னார்கள். ஊருக்குச் சீனி வருத்தம், நீரிழிவு என்று சொல்லி மறைத்தோம். தினமும் காலை எட்டு மணிக்கு எதிரெதிரே இருந்து கிளினிக்கில் தந்த குளிசையை விழுங்கினோம். உடம்பு தேறியது. மூன்றாம் மாதம் வலக்கண்ணிலும் புகை மூடியது, டவர் வளைந்து தெரிந்தது. குளிசைதான் கண்ணைத் தின்கிறதென்று முடிவுகட்டினேன். யாரைக் கேட்டேன்? ஐந்து வாரமாகக் குளிசையைக் கடைவாயில் ஒதுக்கி, பிறகு வேலிக்கரையில் துப்பினேன்.

இன்று கிளினிக்கில் டொக்டர் நிவேதனா கண்ணைப் பார்த்துவிட்டுப் பெருமூச்சு விட்டார்.

"அருட்பிரகாசம் ஐயா, கண்ணைத் தாக்கிற வேறையொரு கிருமி முந்தியே ரெண்டு கண்ணிலையும் இருந்திருக்கு. இடக்கண்ணை முடிச்சிட்டுது. வலக்கண்ணிலை மிஞ்சினதோடை, குளிசையாலை பலம் வந்த உங்கடை உடம்பு சண்டை பிடிச்சது. அந்த வீக்கம்தான் உது. கண்ணுக்கு மருந்து தாறன். குளிசையை மட்டும் விடாதேங்கோ."

விட்டுவிட்டேன் என்றேன். அவர் ஏசவில்லை. ஏசியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும்.

வீட்டுக்கு வந்து பாலேஸ்வரியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அடுப்படிக்குப் போய், பழைய பால்மாத் தகரப் பேணியொன்றைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். கண் தெளியாததால் கையை விட்டுப் பார்த்தேன். உள்ளே முழுக்கக் குளிசைகள்.

"என்ரைதான்," என்றாள். "நீங்கள் துப்பினதைக் கண்டனான். குளிசை கண்ணைக் கெடுக்குதெண்டுதானே துப்பிறியள்? அதுதான் நானும் விட்டிட்டன். வீட்டிலை ஒராளுக்காவது கண் வேணுமே."

எனக்குக் கோபம்கூட வரவில்லை. அவ்வளவு களைப்பு.

"வெளிக்கிடும். கிளினிக்குக்குப் போவம்."

"இப்பதானே வந்தனீங்கள்?"

"உம்மைக் காட்ட வேணும்."

படலையைச் சாத்திவிட்டு, வழக்கம்போல் என் கையைப் பிடித்துக்கொண்டு அவள் முன்னே நடந்தாள். "பாத்து, கல்லுக் கிடக்கு," என்றாள். அவளுக்கு அது தெரிகிறதே என்று எனக்கு அழுகை வந்தது.