ஓத்திலியா பன்றியை அறுத்த நாள்

மீன் பிடிக்கப் போன வால்தோ நான்கு மாதமாகியும் திரும்பவில்லை. ஆனாலும் அவன் பெண்டாட்டி ஓத்திலியா துக்க ஜெபம் வைக்கவே இல்லை. எங்கள் சிலோவே தீவில், கடலில் காணாமல் போனவர்களைக் கலெயூச்சே என்ற மாயக் கப்பல் ஏற்றிக்கொள்ளும். அங்கே ஓயாத பாட்டும் கூத்தும்தான். வால்தோவும் அதில்தான் இருக்கிறான் என்று சாதித்தாள். ஜெபம் வைத்துவிட்டால் அவன் செத்தவனாகிவிடுவானே.

அந்தக் கப்பலில் ஏறியவன் வீட்டில் செல்வம் கொட்டும் என்பதால், நான் தினமும் அவள் வேலியோரம் நடந்தேன். வேவு பார்க்க அல்ல, காலுக்கு நல்லது. புதிதாக ஒரு வாளிகூட வந்தபாடில்லை.

“என்னடி, கூத்துல உன் புருஷன் உன்ன மறந்துட்டானா?” என்றேன் ஒருநாள்.

அவள் முகம் செத்துப்போனது. மறுநாள் காலை அங்கிருந்து இறைச்சி வாசனை வந்தது. பதறி ஓடினேன்.

“கப்பல் வந்துச்சாடி?”

“பன்னிய அறுத்துட்டேன்க்கா. ஜெபத்துக்கு வர்றவங்களுக்குச் சாப்பாடு போடணும்ல? நீங்க வராம இருப்பீங்களா?”



சாயங்காலம் ஜெபம் சொல்ல வந்த தோன் பிதெல், “நம்ம வால்தோவோட ஆத்மாவுக்காக...” என்று ஆரம்பித்தார்.

“அண்ணே, அவரு பேரச் சொல்லாதீங்க,” என்றாள் ஓத்திலியா.

“அப்ப யாருக்கும்மா ஜெபிக்கிறது?”

“கடல்ல போன மத்த எல்லாருக்கும் சொல்லுங்க. அவரு மட்டும் வேணாம்.”

தோன் பிதெல் என்னைப் பார்த்தார். “அவ சொன்னபடி சொல்லுங்க, கறி ஆறுது,” என்றேன்.

ஜெபித்தோம். கண்ணை மூடச் சொன்னபோது யாரும் மூடவில்லை. எல்லாத் தலையும் கடல் பக்க ஜன்னலுக்கே திரும்பிக்கொண்டிருந்தது, என்னுடையதும்தான்.