கூப்பிடு தூரம்

எங்கள் குடும்பத்தில் நாக்கை விடக் காலுக்குத்தான் மதிப்பு. திரிபோலி துணிக்கடைத் தெருவில் பிறந்தவர்கள் நாங்கள். விலை படியவில்லை என்றால் பேச்சை நிறுத்திவிட்டு நடந்துவிட வேண்டும் என்பது அப்பா போட்ட சட்டம். வேகமாக நடந்தால் எதிராளி கை கழுவிவிடுவான். மெதுவாக நடந்தால் நடிப்பு தெரிந்துபோகும். நடுத்தரமாக, முதுகை நிமிர்த்தி, மனசுக்குள் வேறு கடையைத் தேடுகிறவன் மாதிரி நடக்க வேண்டும். எக்காரணம் கொண்டும் திரும்பிப் பார்க்கக் கூடாது. கடைக்காரன் கூப்பிடுவான். கூப்பிடாத கடைக்காரனைத் தான் பார்த்ததே இல்லை என்று அப்பா கடைசி வரை சொல்லிக்கொண்டிருந்தார்.

அண்ணன் முனீஃப் இதில் அப்பாவையே தூக்கிச் சாப்பிட்டவன். அவன் முதுகைப் பார்த்தே விலையை இறக்கிய வியாபாரிகள் எங்கள் தெருவில் உண்டு.

அண்ணி சவ்சன் வாத்தியார் மகள். அவர்கள் வீட்டில் உப்பு வேண்டுமென்றால் உப்பு வேண்டும் என்பார்கள். எங்கள் வீட்டில் "கஞ்சி இன்னிக்கு ஒரு மாதிரி இருக்கே" என்போம். பெண் கேட்கப் போன இடத்தில் என்னவோ பேச்சு முட்டிக்கொண்டு, பழக்க தோஷத்தில் முனீஃப் எழுந்து நடந்துவிட்டான். வாசல் தாண்டியதும் சவ்சன் கூப்பிட்டாள். "அது எங்கப்பா செருப்பு" என்றாள். அவன் காதில் விழுந்தது அவள் கூப்பிட்டது மட்டும்தான். இத்தனை வருஷமாக அதைச் சொல்லிச் சொல்லிப் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தான்.

சவ்சனும் வாத்தியார்தான். எங்கள் ஊர்ப் பணமான லிராவின் மதிப்பு சரிந்ததும் பள்ளிக்கூடச் சம்பளம் பஸ்ஸுக்குக்கூடக் காணவில்லை. மாண்ட்ரியலில் இருந்த அவள் அக்கா வேலைக்கு ஏற்பாடு செய்தாள். அவளுக்கும் குழந்தை லமீஸுக்கும் விசா வந்தது. முனீஃபுக்கும் போட்டிருக்கலாம், கடையை விட்டு வர மாட்டேன் என்றுவிட்டான். போகாதே என்றும் சொல்லவில்லை. வியாழக்கிழமை பெய்ரூட்டிலிருந்து விமானம். அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, வருஷா வருஷம் போவதுபோல் குளிர்காலத்துக்கு ஆப்பிள் எடுக்க மலைக்குக் கிளம்பினோம். காரில் எள்ளு ரொட்டியைப் பற்றிப் பேசினோம், ரோட்டுக் குழியைப் பற்றிப் பேசினோம். வியாழக்கிழமையைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை.

தோட்டத்துக்காரர் அபூ ஸர்கீஸ் கிளைக்கு முட்டுக் கொடுத்திருந்த கழியைப் பிடுங்கிக்கொண்டு வந்தார்.

"வந்துட்டானா கொள்ளைக்காரன். போன வருஷம் அழ வச்சது பத்தாதா?"

"அழுதது நீங்களா நானா? பாதிப் பழத்துல புள்ளி இருந்துச்சு."

"ஆலங்கட்டி விழுந்தா புள்ளி வராம பொட்டா வரும்?"

இருவரும் நேரம் போவது தெரியாமல் சண்டை போட்டார்கள். அப்புறம் முனீஃப் கையைத் தட்டிவிட்டுக்கொண்டு நடந்தான். லமீஸ் என் விரலைப் பிடித்துக்கொண்டாள்.

"அத்தை, அப்பா எங்க போறாரு?"

"எங்கயும் போகல. இப்பக் கூப்பிடுவாங்க பாரு."

வேலியோரம் போவதற்குள் அபூ ஸர்கீஸ் கத்தினார். "வாய்யா, வந்து தொலை. உன்னோட மல்லுக்கட்ட எனக்கு வயசில்ல."

முனீஃப் சிரித்துக்கொண்டே திரும்பி வந்தான். லமீஸ் கை தட்டினாள். சவ்சன் மட்டும் மரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

பழம் பறிக்கும்போது நான் அவள் பக்கத்தில் இருந்தேன். உடனே தின்னும் மஞ்சள் பழத்தை அவள் தொடவே இல்லை. கெட்டியான சிவப்புப் பழங்களாக, காம்பு ஒடியாமல் திருகித் திருகி எடுத்தாள். காகிதத்தில் சுற்றி வைத்தால் பங்குனி வரைக்கும் தாங்குகிற ஜாதி.

"யாருக்கு அண்ணி இவ்வளவு?"

"உங்கண்ணனுக்குத்தான். வாங்கித் திங்கத் தெரியுமா அவருக்கு? விலை பேசத்தான் தெரியும்." கொஞ்ச நேரம் பறித்துவிட்டுச் சொன்னாள்: "ரந்தா, போகாதன்னு ஒரு வார்த்தை அவர் வாயால வந்தாப் போதும். டிக்கெட்ட இங்கயே கிழிச்சுப் போட்டுடுவேன். சுத்தி வளைக்காம, நேரா. நீ சொல்லிக் கொடுத்து அவர் சொன்னா எனக்கு வேணாம்."

மத்தியானம் டூமாவுக்குப் போனோம். மலைமேல் சிவப்பு ஓட்டுக் கூரைகளாகக் கிடக்கிற பழைய ஊர். கடைத்தெருவில் பாதிக் கடைகள் என்றைக்கோ சாத்தியவை. கல் வளைவும் மரக்கதவும் மட்டும் பாக்கி. சவ்சனும் லமீஸும் முன்னால் போனார்கள். முனீஃப் ஒரு சாத்திய கடையின் படியில் உட்கார்ந்து, கண்ணைச் சிமிட்டினான்.

"போக மாட்டா."

"சொன்னாளா?"

"சொல்லணுமா? டிக்கியில இருக்கறதப் பார்த்தியா? அத்தனையும் குளிர்காலத்துக்கு வைக்கிற பழம். வியாழக்கிழமை போறவ எவளாச்சும் பங்குனிக்கு ஆப்பிள் சேர்ப்பாளா? அவளே இறங்கி வரா."

சரக்கைப் பார்த்து ஆளைப் படிக்க எங்களுக்குக் கற்றுக்கொடுத்தது அப்பாதான். பழம் யாருக்கு என்பதில் அண்ணன் தப்பினாலும் ஆளைச் சரியாகத்தான் படித்திருந்தான். அவளுக்குப் போக மனசில்லை. அதுதான் கொடுமை.

"அப்ப ஒரு வார்த்தை சொல்லிடேன்டா அண்ணா. இரு சவ்சன்னு."

"பைத்தியமா நீ? எதிராளி இறங்கி வரும்போது வாயத் திறப்பாங்களா? நானா கேட்டு அவ இங்க தங்கிட்டான்னு வை, ஆயுசுக்கும் உனக்காகத்தான் இருந்தேன்னு சொல்லிக்காட்டுவா. அவளா இருக்கட்டும்."

"இது துணி இல்லடா."

"உனக்குக் கல்யாணம் ஆகட்டும், அப்புறம் பேசு."

சவ்சன் திரும்பி வந்தாள். குழந்தை என்னிடம் ஓடி வந்தாள். சவ்சன் அவன் எதிரில் நேராக நின்றாள். வாத்தியார் மகளுக்கு வேறு மாதிரி நிற்கத் தெரியாது.

"கேக்கறேன், பதில் சொல்லுங்க. நான் போகட்டுமா?"

முனீஃப் எழுந்து கால்சட்டைத் தூசியைத் தட்டினான். அந்தத் தட்டு எனக்குத் தெரியும்.

"உன் இஷ்டம். உனக்கு நல்லதுன்னு பட்டா போ. நான் யாரு தடுக்க? அல்லா வழித்துணையா இருக்கட்டும்."

சொல்லிவிட்டுக் கார் நின்ற பக்கம் நடந்தான். நடுத்தரமாக. முதுகு நிமிர்ந்து. அவன் வாழ்நாளில் அவ்வளவு அழகாக நடந்ததில்லை.

"அம்மா, கூப்பிடு," என்றாள் லமீஸ். "அப்பா தூரமாப் போயிட்டார் பாரு. இப்பக் கூப்பிடணும்."

சவ்சன் வாய் திறந்து மூடியது. நான் அவள் கையைப் பிடித்தேன்.

"ஒரு தடவ கூப்பிட்டேன்," என்றாள். "செருப்புக்காக."

குழந்தையைத் தூக்கிக்கொண்டு எதிர்ப்பக்கம், தேவாலயப் படிகளில் ஏறிப் போய்விட்டாள். முனீஃப் கார் வரைக்கும் போனான். கதவில் கை வைத்து நின்றான். டயரைக் குனிந்து பார்த்தான், கண்ணாடியைச் சட்டைக் கையால் துடைத்தான். கடைசியில் அப்பாவின் சட்டத்தை மீறித் திரும்பிப் பார்த்தான். தெருவில் நான் மட்டும் நின்றுகொண்டிருந்தேன்.

வியாழக்கிழமை அவள் போனாள். விமான நிலையத்திலாவது சொல்வான் என்று பார்த்தேன். பெட்டியின் எடையைப் பற்றிச் சிப்பந்தியிடம் வாதாடிக்கொண்டிருந்தான். உள்ளறையில் ஒவ்வொரு ஆப்பிளையும் அவள் காகிதத்தில் சுற்றி அடுக்கிவிட்டுப் போயிருந்தாள். கெடுகிற வரைக்கும் அவன் ஒன்றைக்கூடப் பிரிக்கவில்லை. "அப்பா, பழம் இனிப்பா இருக்கா?" என்று லமீஸ் போனில் கேட்கும்போதெல்லாம் இனிப்பா இருக்கு என்பான்.

அடுத்த இலையுதிர் காலத்தில் நாங்கள் இரண்டு பேர் மட்டும் தோட்டத்துக்குப் போனோம். அபூ ஸர்கீஸ் தயாராக இருந்தார். இடுப்பில் கை வைத்து, சிரிப்பை அடக்கிக்கொண்டு, நியாயமே இல்லாத ஒரு விலையைச் சொல்லிவிட்டு முனீஃபின் முகத்தைப் பார்த்தார்.

முனீஃப் பர்ஸை எடுத்து, கேட்டதை அப்படியே நீட்டினான்.

கிழவர் பணத்தை வாங்கவில்லை. சிரிப்பு போய்விட்டது. என்னைப் பார்த்தார், மறுபடி அவனைப் பார்த்தார்.

"என்னப்பா, வீட்டுல யாராச்சும் தவறிட்டாங்களா?"

"அதெல்லாம் இல்ல," என்றான் முனீஃப். "எல்லாரும் நல்லா இருக்காங்க."