மச்சம் எந்தப் பக்கம்

அம்மா படத்தை எடுத்துச் சுவரைப் பார்த்தாற்போலத் திருப்பி வைத்தாள். யாரிடமும் எதுவும் சொல்லாமல் படுக்கையறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது.

முன்னறையில் பதினைந்து பேர் இருந்தார்கள். பதினைந்து பேரும் படத்தின் முதுகைப் பார்த்தார்கள். பழுப்பு அட்டை, நான்கு ஆணி, ஃப்ரேம் கடையின் ஸ்டிக்கர். நடுவில் கட்டிலில் அப்பா படுத்திருந்தார். அந்த அறையில் சங்கடப்படாத ஒரே ஆள் அவர்தான்.

அண்ணன் தங்கை சின்னவளின் கையைப் பிடித்துச் சமையலறைக்கு இழுத்துக்கொண்டு போனான்.

"என்னடி ஆச்சு அம்மாவுக்கு? விடிஞ்சதுலேர்ந்து நாயா அலைஞ்சு ஃப்ரேம் போட்டு எடுத்துட்டு வந்திருக்கேன்."

"என்னைக் கேட்டா? நானும் உன் பக்கத்துலதானே நின்னேன்."

"காலையிலயும் இதே கூத்துதான்."

அது உண்மைதான். முந்தின நாள் மதியம் மாரடைப்பில் இறந்தவரைக் காலை எட்டு மணிக்கு ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்தார்கள். அம்மா வந்து கால்மாட்டில் நின்றாள். பஸ்ஸின் நெற்றியில் ஊர்ப் பெயரைப் படிக்கும் நேரம்தான் பார்த்திருப்பாள். "அவரு மாதிரியே இல்ல" என்றாள். உள்ளே போனவள் அதன் பிறகு கட்டில் பக்கம் வரவில்லை. அழவும் இல்லை. வந்தவர்களுக்கு டீ போட்டாள்.

"மூணு மணிக்கு வண்டி வந்துரும்" என்றான் அண்ணன். "இப்ப மணி ஒண்ணரை. பார்க்காம அனுப்பிட்டா அப்புறம் ஆயுசு பூரா அதையே சொல்லிச் சொல்லி அழுவா. டாக்டரைக் கூப்பிடுறேன். ஒரு ஊசி போட்டா சரியாயிடும்."

"ஊசி போட்டா தூங்கிடுவா. தூங்கிட்டா எப்படிப் பார்ப்பா?"

அண்ணன் யோசித்தான். ஆனாலும் ஃபோனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனான். ஏதாவது செய்துகொண்டே இருந்தால்தான் அவனால் நிற்க முடியும்.

முன்னறையில் பெரியப்பா படத்தைத் திருப்பி நேராக வைத்துக்கொண்டிருந்தார். அப்பாவுக்கு ஒரே அண்ணன். "உரிச்சு வச்ச மாதிரி இருக்கான்" என்றார். "இதைப் போய் அவன் இல்லைன்னா எப்படி?"

அந்தப் படத்தை எடுத்தது சின்னவள்தான். லைசென்ஸ் அலுவலகத்தில் ஃபோட்டோ கவுன்ட்டர் அவளுடையது. ஒரு நாளைக்கு நூற்றிருபது முகம். நேராப் பாருங்க, கண்ணாடியைக் கழட்டுங்க, சிரிக்காதீங்க, அசையாதீங்க. போன வருடம் அப்பா வண்டி லைசென்ஸைப் புதுப்பிக்க வந்தபோது எடுத்தது. வரிசையில் நின்றார். கிட்ட வா என்று அவள் கைகாட்டியும் வரவில்லை. "நம்பர் கூப்பிடுற வரைக்கும் நான் உன் அப்பா இல்ல" என்று உரக்கச் சொல்லி வரிசையையே சிரிக்க வைத்தார். அட்டை கைக்கு வந்ததும் கையை நீட்டித் தள்ளி வைத்துப் பார்த்தார். "இந்த ஆளு நம்ம கடைக்கு வந்தா நான் முடி வெட்ட மாட்டேன். பார்வையே சரியில்ல."

வேறு படம் இல்லாமல் இல்லை. கல்யாண வீடுகளில், பிறந்தநாள்களில் எடுத்தவை நிறைய இருந்தன. எல்லாவற்றிலும் அவர் பேசிக்கொண்டிருந்தார். வாய் பாதி திறந்து, கண் பாதி மூடி, கை மங்கலாக. அசையாமல் இருந்த ஒரே படம் இதுதான். அதுவும் மகள் அதட்டியதால்.

படம் சரியில்லை என்று சொல்பவர்கள் அவளுக்குப் புதிதல்ல. நூற்றிருபதில் எண்பது பேர் சொல்வார்கள். நான் இப்படியா இருக்கேன், மூக்கு இவ்வளவு பெருசா, முகம் ஏன் ஒரு பக்கமா இழுத்துக்கிட்டு இருக்கு. கூட வந்த புருஷனோ அக்காவோ எட்டிப் பார்த்துவிட்டு, "அப்படியேதான் இருக்கே" என்பார்கள். கேட்டவர் கோபத்தோடு அட்டையைப் பைக்குள் போடுவார். ஏழு வருடமாக இதே நாடகம். முகத்துக்குச் சொந்தக்காரர் ஒத்துக்கொள்ள மாட்டார். மற்ற எல்லாரும் ஒத்துக்கொள்வார்கள். தினமும் கண்ணாடியில் வலமும் இடமும் மாறிப் பார்த்துப் பழகிய முகத்தைக் கேமரா மாற்றாமல் காட்டுகிறது, அவ்வளவுதான். இதை அவள் முதல் வருடம் எல்லோருக்கும் விளக்கினாள். இரண்டாம் வருடத்திலிருந்து, "அடுத்த நம்பர்" என்று மட்டும் சொன்னாள்.

அவள் போய்ப் படுக்கையறைக் கதவைத் தட்டினாள்.

"அம்மா, திற. நான்தான்."

"பின்னால உன் பெரியப்பா நிக்கிறாரா?"

"இல்ல."

"உன் அண்ணன்?"

"அவன் டாக்டருக்கு ஃபோன் பண்ணப் போயிருக்கான்."

"யாருக்கு என்ன உடம்புக்கு?"

"உனக்குத்தான்."

தாழ்ப்பாள் திறந்தது.

கட்டில் நிறையக் கடைத் துண்டுகள் கிடந்தன. முந்தின நாள் காலையில் துவைத்துப் போட்டவை. அம்மா அவற்றை மடித்துக்கொண்டிருந்தாள். மூன்றாக மடித்து, சுருட்டி, ஓரத்தை உள்ளே செருகி. கடையில் அடுக்குவது போலவே.

"எனக்குப் பைத்தியம் இல்லடி" என்றாள்.

"நான் சொல்லவே இல்லையே."

"உன் அண்ணன் மூஞ்சி சொல்லுது." இன்னொரு துண்டை உதறினாள். "இருபத்தெட்டு வருஷம் பக்கத்துல நின்னவ நான். எனக்கு அவரைத் தெரியாதா? அந்தப் படத்துல இருக்கிறது அவரோட தம்பி மாதிரி இருக்கு. அவருக்குத் தம்பியே கிடையாது."

"எது வித்தியாசமா இருக்கு? அதைச் சொல்லு."

"வாய் கோணிக்கிட்டு இருக்கு."

"அப்பாவுக்கு வாய் கொஞ்சம் கோணல்தானேம்மா."

"கோணல்தான். ஆனா இப்படிக் கோணாது." துண்டைப் போட்டுவிட்டு விரலால் காற்றில் ஒரு முகம் வரைந்தாள். அதன் இடது ஓரத்தில் விரலை ஊன்றினாள். "மச்சம் இங்க இருக்கணும். படத்துல அந்தப் பக்கம் போயிருக்கு. கட்டில்லயும் அப்படித்தான். ஆஸ்பத்திரியில ஆளை மாத்திக் குடுத்துட்டாங்களோன்னு காலையில ஒரு நிமிஷம் ஆடிப் போயிட்டேன். அப்புறம் கால் விரலைப் பார்த்தேன். விரல் அவரோடதுதான்."

"அப்புறம் ஏம்மா வந்துட்ட?"

"விரல் அவரு. மூஞ்சி யாரோ. அங்க எப்படிடி நிக்கிறது?"

சின்னவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். இந்தப் புகாரை அவள் பல ஆயிரம் தடவை கேட்டிருக்கிறாள். ஆனால் சொந்த முகத்தைப் பற்றித்தான். கூட வந்த ஆள் சொல்லி ஒருமுறைகூடக் கேட்டதில்லை.

கடையில் இரண்டு நாற்காலிகள். ஆண்களுக்கு அப்பா, பெண்களுக்கு அம்மா. எதிரே சுவர் முழுக்க ஒரே கண்ணாடி. காலை ஒன்பதிலிருந்து இரவு எட்டுவரை இருவரும் அதைப் பார்த்தபடிதான் நிற்பார்கள். பேசுவதும் கண்ணாடியைப் பார்த்துத்தான், சண்டை போடுவதும் அதில்தான். சீப்பைக் கொடு என்று அப்பா கண்ணாடியில் இருக்கும் அம்மாவிடம்தான் கேட்பார். கை மட்டும் பக்கவாட்டில் நீளும். இருவரும் முதலில் பார்த்துக்கொண்டதுகூட வேறொருவருடைய கடையில், தொழில் பழகும்போது, அடுத்தடுத்த நாற்காலியில். வண்டியில் போனால் பக்கத்தில் பக்கத்தில். வீட்டுக்கு வந்தால் டிவிக்கு முன்னால் பக்கத்தில் பக்கத்தில். எதிரெதிரே உட்கார்ந்து அவர்கள் பேசியதைச் சின்னவள் பார்த்த ஞாபகம் இல்லை.

அவள் ஃபோனை எடுத்தாள். பிரின்ட் போட்ட கடையிலிருந்து வந்த படம் அதில் இருந்தது. இடம் வலமாகத் திருப்பி அம்மாவிடம் நீட்டினாள்.

அம்மா வாங்கிப் பார்த்தாள். மடித்த துண்டுகளின் மேல் கையை ஊன்றிக்கொண்டாள்.

"இதை ஏன் முதல்லயே தரல?"

"அதே படம்தாம்மா."

"அதே படமாம். கண்ணைப் பாரு, முறைக்கிறதை. கத்தரியை எங்கடி வச்சேன்னு இப்பக் கேப்பாரு பாரு." ஒரு துண்டை எடுத்து மூக்கைத் துடைத்துக்கொண்டு, அதை மடித்தவற்றோடு சேர்க்காமல் தனியே போட்டாள்.

சின்னவள் எட்டிப் பார்த்தாள். அவளுக்கு அந்தப் படத்தில் அப்பா இல்லை. அப்பாவைப் போல இருக்க முயற்சி செய்யும் யாரோ ஒருவர் இருந்தார். வாய் தப்பான பக்கம் ஏறியிருந்தது. தான் அதட்டி உட்காரவைத்து எடுத்த முகம், ஒரு விரல் தொட்டதில் கிளம்பிப் போய்விட்டது. இப்படித்தான் இருந்திருக்கும் அம்மாவுக்கு, காலை முழுக்க. ஃபோனை வாங்கி மறுபடி பழையபடி திருப்பலாமா என்று கை போனது. திருப்பவில்லை.

அண்ணன் உள்ளே வந்தான். டாக்டர் ஐந்து மணிக்குத்தான் வருவாராம். சின்னவள் விஷயத்தைச் சொன்னதும் ஃபோனைப் பார்த்து முகத்தைச் சுளித்தான்.

"இதையா முன்னால வைக்கச் சொல்றே? அப்பா மச்சம் எந்தப் பக்கம்னு கடைக்கு வந்த அத்தனை பேருக்கும் தெரியும். படத்தை மாத்திப் போட்டுட்டான்னு என்னைத்தான் சிரிப்பாங்க."

"கடைக்கு வந்தவங்களும் கண்ணாடியிலதானேடா பார்த்தாங்க?" என்றாள் அம்மா.

"எந்திரிச்சுத் திரும்பிப் பேசுவாங்கல்லம்மா."

அம்மா அதை யோசித்தாள். நியாயம் என்று பட்டிருக்க வேண்டும்.

"சரி. முன்னால உங்க படமே இருக்கட்டும். உன் பெரியப்பாவுக்கு அதுதான் தம்பி. நீ இதை எனக்கு அனுப்பிடு" என்று சின்னவளிடம் சொன்னாள். பிறகு கதவுப் பக்கம் பார்த்தாள். "படத்தைத் திருப்பிட்டே. அங்க படுத்திருக்கிறவரை என்ன பண்ணுவே?"

சுவர்க் கடிகாரத்தில் இரண்டு இருபது.

"வேணும்னா ஒரு கண்ணாடி கொண்டு வரவாம்மா?" என்றாள் சின்னவள்.

"நல்லா இருக்கும். பதினைஞ்சு பேர் முன்னால கண்ணாடியைப் புடிச்சுக்கிட்டு நிக்கிறேன். அப்புறம் இவனே டாக்டரைத் தூக்கிட்டு வந்துருவான்." அண்ணன் தலையைக் குனிந்துகொண்டான். அம்மா எழுந்து அலமாரியைத் திறந்தாள். "அது கிடக்கட்டும். தலையை யாரு சீவினது?"

"ஆஸ்பத்திரியிலதான் சீவியிருப்பாங்க."

"சீவினானாம். தண்ணியைத் தெளிச்சு எல்லாத்தையும் பின்னால இழுத்துவிட்டிருக்கான். காதுகிட்ட வேற நீட்டிக்கிட்டு நிக்குது. அடுத்த திங்கக்கிழமை வெட்டணும்னு இருந்தேன்."

அப்பாவின் முடியை எப்போதும் வெட்டுவது அம்மாதான். வேறு யாரிடமும் அவர் தலையைக் கொடுத்ததில்லை. அம்மா சீப்பையும் சின்னக் கத்தரியையும் எடுத்துக்கொண்டு, ஒரு துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு முன்னறைக்கு நடந்தாள். பெரியப்பா எழுந்து கால்மாட்டில் வழிவிட்டார்.

அம்மா அங்கே போகவில்லை. தலைமாட்டுப் பக்கம் போனாள். கட்டில் சுவரை ஒட்டிக் கிடந்தது.

"இதைக் கொஞ்சம் முன்னால இழுங்க."

"ஏம்மா, இங்க வந்து நின்னு பாரேன்" என்றார் பெரியப்பா. "முகம் நல்லாத் தெரியும்."

"வெட்டுறவ பின்னாலதான் நிக்கணும்."

அண்ணனும் பெரியப்பாவும் கட்டிலைப் பிடித்து இழுத்தார்கள். கால்கள் தரையில் கிறீச்சிட்டன. அம்மா பக்கவாட்டாக நுழைந்து, சுவருக்கும் கட்டிலுக்கும் நடுவே நின்றாள். துண்டை அவர் கழுத்துக்குக் கீழே செருகினாள். அதுவரை தன் கைகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு குனிந்து முகத்தைப் பார்த்தாள்.

சின்னவள் கால்மாட்டில் நின்றாள். அவள் பக்கத்திலிருந்து மச்சம் வலது ஓரத்தில் தெரிந்தது. எப்போதும் தெரிகிற இடம். அங்கிருந்து பார்த்தால் என்று நினைத்து, மனதுக்குள் கட்டிலைச் சுற்றிப் போய் அம்மா நின்ற இடத்தில் நின்று பார்த்தாள். முகம் தலைகீழாக இருக்கும். ஆனால் அவருடைய இடது கை அம்மாவின் இடது கைப் பக்கம். அவருடைய மச்சம் அம்மாவின் இடது பக்கம், கடைக் கண்ணாடியில் போலவே.

அம்மா வெகுநேரம் குனிந்தே இருந்தாள். யாரோ இருமினார்கள்.

"ம்" என்றாள் அம்மா. ஒத்துக்கொள்ளும் ஒலிதான் அது, வேறொன்றுமில்லை. இரண்டு உள்ளங்கைகளையும் அவர் காதுகளின் மேல் வைத்துத் தலையை நேராக்கினாள். பின்னால் இழுத்துவிட்டிருந்த முடியைக் கலைத்தாள். சீப்பின் நுனியால் இடது பக்கம் வகிடு எடுத்தாள். ஒரே கோட்டில் வந்தது. காதோர முடியை இரண்டு விரலுக்கு நடுவில் பிடித்துக் கத்தரித்தாள். அந்த அறையில் அந்தச் சத்தம் மட்டும் சின்னதாகக் கேட்டுக்கொண்டிருந்தது. இந்தக் காது முடிந்ததும் அந்தக் காது. அவசரம் எதுவும் இல்லை.

மூன்றுக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது வண்டி டிரைவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே எட்டிப் பார்த்தார். "நேரமாச்சுங்க" என்றார், பொதுவாக.

"உட்காருங்க" என்றாள் அம்மா, நிமிராமல். "முடியப் போகுது."

டிரைவர் ஒன்றும் புரியாமல் கதவோரம் இருந்த நாற்காலியில் உட்கார்ந்தார்.

அம்மா கழுத்திலிருந்து துண்டை உருவினாள். குனிந்து, அவர் காதுக்குப் பின்னால் ஒட்டியிருந்த முடித்துணுக்குகளை மெல்ல ஊதிவிட்டாள்.