அம்மு மறுபடியும் அழ வேண்டும்

"சொன்னதைச் செய்வியா, இல்ல கேள்வி கேப்பியா?"

டீச்சர் வேலைக்கு எடுத்த அன்று பள்ளியை நடத்தும் மேனேஜர் அல்தாஃப் ஆஷிஃபாவிடம் கேட்டது அது. செய்வேன் என்றாள். அதனால்தான் விடியுமுன் கொச்சி மட்டாஞ்சேரிப் பள்ளி மாடிக்குப் பெஞ்சு தூக்கிக்கொண்டிருந்தாள். கூலியாள் வைத்தால் செலவு. டீச்சர்மார் சும்மா கிடைப்பார்கள். மழையில் ஊறிய மரம் தோளை அறுத்தது. பக்கத்துச் சுக்குக் கிடங்கின் காரம் மூக்கில் ஏறியது.

ஆசிரியர்கள் ஆய்வு செய்வது எப்படி என்று கற்றுத்தரும் வீடியோக்களை எடுத்துப் பல பள்ளிகளுக்கு விற்றுவந்தார் அல்தாஃப். இன்றைய பாடம், மாணவரிடம் பேட்டி எடுப்பது. கேட்பவள் ஆஷிஃபா. பதில் சொல்பவள் நாலாம் வகுப்பு அம்மு. அவள் அப்பா சங்கிலிப்பாண்டி போன மாதம் ஆலுவாவில் சாரத்திலிருந்து விழுந்து செத்தவர்.

"ஏன் ஸ்கூலுக்கு வரல, அம்மு?"

அம்மு சொன்னாள். சொல்லும்போதே அழுதாள்.

"சூப்பர்! பட்சே மைக் ஓடல. இன்னும் ஒருக்கா எடுக்கலாம்," என்றார் அல்தாஃப்.

மறுபடி அழுதாள். தெருவில் லாரி ஹாரன் அடித்துக் கெடுத்தது. மூன்றாம் முறை அழுகை வரவில்லை. வாய்ப்பாடு போல ஒப்பித்தாள்.

"கண்ணீர் வேணும் டீச்சரே. அப்பா எப்பிடிக் கெடந்தாருன்னு கேளு."

"சார், சின்னப் பிள்ளை..."

"அடுத்த வருஷம் வேலை வேண்டாமா?"

அவள் சம்பளத்தில்தான் வீட்டில் உலை கொதித்தது. கேமராவின் சிவப்பு விளக்கு எரிந்தது. ஆஷிஃபா அம்முவின் பக்கம் குனிந்தாள்.

"அம்மு, இஷ்டமில்லேன்னா சொல்ல வேண்டாம். எழுந்து போலாம். யாரும் ஒண்ணும் செய்ய மாட்டாங்க."

"நிறுத்து! எந்தா இது?"

"பேட்டிக்கு முன்னால இதைச் சொல்லணும்னு முதல் வீடியோவில நீங்கதான் சார் சொன்னீங்க. கோட்டு சூட்டெல்லாம் போட்டு."

பின்னால் நின்ற டீச்சர்மாரில் யாரோ சிரிப்பை அடக்கினார்கள். அல்தாஃபின் முகம் கறுத்தது.

"நாளைக்கு வர வேண்டாம், கேட்டோ. மாதுரி டீச்சரே, நீங்க வந்து இவ நாற்காலில இருங்க."

கடைசிப் பெஞ்சோடு வந்த மாதுரி அதைக் கீழே வைத்தாள். "எனக்கும் அதே வீடியோதான சார் காட்டினீங்க?"

"எங்களுக்கும்," என்றார்கள் பின்னால் நின்றவர்கள்.

"அத்தனை பேரையும் மாத்துவேன்! வாசல்ல டிகிரிக்காரிங்க வரிசையா நிக்கிறாங்க!"

மாற்றக்கூடியவர்தான், எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் யாரும் நாற்காலிக்குப் போகவில்லை. நகர்ந்து ஆஷிஃபாவின் பக்கம் வந்து நின்றார்கள்.

அம்மு ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். சட்டையில் மாட்டியிருந்த மைக்கைக் கழற்றித் தன் நாற்காலியில் வைத்தாள். டீச்சர்மார் வழிவிட்டார்கள். படியிறங்கிப் போனாள்.