ஹோய்

1

அன்று காலை அந்த வீட்டில் இருந்தவர்கள்: போன வருடம் பார்வை போன பேருந்து ஓட்டுநர், தையல் வேலை செய்யும் அவர் மனைவி, அகராதி அலுவலகத்தில் வேலை பார்க்கும் அவளுடைய தம்பி. நான் இல்லை. 'எக்ஸ்ப்ளோரேஷன்', அதாவது தெரியாத இடத்தைத் தேடி அறிவது, என்ற சொல்லைப் பற்றிக் கட்டுரை எழுதத்தான் உட்கார்ந்தேன். லத்தீனில் அதன் வேருக்கு 'உரக்கக் கூவு' என்று பொருள் சொல்கிறார்கள். புதருக்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ள வேட்டைக்காரர்கள் கத்திப் பார்ப்பார்களாம். [உறுதியில்லை. எனக்குப் பிடித்துவிட்டது, அவ்வளவுதான்.]

2

அலைகள் சீறிய அந்த இரவில் கப்பல் தலைவன்...

வேண்டாம். அவனுக்குக் கரையில் கொடி நாட்டத்தான் தெரியும். கூவிவிட்டுக் காது கொடுக்கிற ஆள் வேண்டும்.

ஓட்டுநர் எங்கே நுழைந்தாலும் "ஹோய்" என்பார். சத்தம் திரும்பி வருவதை வைத்துச் சுவரையும் வாசலையும் கண்டுபிடிப்பார்.

"மாமா, நீங்க செய்யறதுக்கு அகராதியில பேரே இருக்கு."

"பேரு கிடக்கட்டும் மாப்ள. உங்க அக்கா என்னைத் தனியா விடுவாளா, அதைச் சொல்லு."

பணிமனையில் விசாரணை மேசை வேலை காத்திருந்தது. துணையில்லாமல் வந்துபோக வேண்டும் என்பது நிபந்தனை. தினமும் நடந்து பழகினார். பின்னால் வரமாட்டேன் என்று மனைவி சத்தியம் செய்திருந்தாள்.

"நேத்து பின்னாடியே வந்தியா?"

"எனக்குத் தைக்க வேலை இல்லையா?"

"படிக்கட்டுல கூவினேன். பாதிச் சத்தம்தான் திரும்பி வந்துச்சு. மீதியை நீ முழுங்கிட்ட."

தம்பி சிரித்தான். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வெறுங்காலோடு பின்தொடர்ந்தவள் சிரிக்கவில்லை.

"உங்க கூவலுக்கு லாரிக்காரன் நிப்பானா?"

[லாரியை எப்படி நிறுத்துவது என்று எனக்கும் தெரியவில்லை. கதை இங்கேயே வெகுநாள் கிடந்தது.]

3

முதல் முடிவில் பணிமனை வாசலில் அவரை வரவேற்று மாலை போட்டேன். சகிக்கவில்லை. அடுத்ததில் லாரி வந்தது. அவள் பயம் நியாயமானது என்று காட்ட ஓர் ஆளைக் கொல்ல வேண்டுமா? அந்த முடிவையும் கோடு போட்டு அடித்துவிட்டேன்.

வாசல் கதவுக்கு இரண்டு சாவி: ஒன்று ஓட்டுநரிடம், இன்னொன்று தம்பியின் சட்டைப்பையில் இருக்கிறது. அக்கா கை நீட்டினால் அவன் கொடுப்பானா? நான் எழுதப்போவதில்லை. அவன் இடத்தில் நீங்கள் நின்றுகொள்ளுங்கள்.

எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். ஓட்டுநர் கதவைத் திறந்து படிக்கட்டைப் பார்த்துக் கூவினார்.

"முழுசா வருது," என்றார். "போயிட்டு வரேன்."

அவள் செருப்பைக் கையில் எடுப்பதற்குள் கதவைச் சாத்தி, வெளியிலிருந்து பூட்டினார்.