டயர் போன வழி

சோயா செடிகள் இடுப்பைத் தொட வேண்டிய நேரம். ரோட்டிலிருந்து பார்த்தால், ரோட்டை ஒட்டிய பாதி வயலிலோ முழங்காலுக்கே வராமல் சோம்பி நின்றன. அவன் மனைவி ஒரு வருஷம் மக்க வைத்த தொழுவுரத்தை அந்தப் பாதிக்குத்தான் போட்டிருந்தார்கள். ஒன்றுமே போடாத மறுபாதி பரவாயில்லாமல் வளர்ந்திருந்தது. கேலிக்கு இதைவிட நல்ல சாக்கு கிடைக்குமா? அவனுக்கோ வாய் சும்மா இருக்காது.

தன் அக்கா வீட்டில் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்திருந்தபோது ஆரம்பித்தான். "இவ உரத்தைப் பாத்துப் பயந்து செடியெல்லாம் குந்திக்கிச்சு." வீடே சிரித்தது. அக்காவின் கணவருக்குப் புரையேறிவிட்டது. மனைவி தலை நிமிராமல் சாப்பிட்டு முடித்தாள்.

இன்று காலை அவள் மண்வெட்டியோடு உரக்குழியை மூடக் கிளம்பினாள். "இனிமே இது வேணாங்க" என்றாள். ஜெயித்துவிட்ட தெம்பில் அவன் வயலுக்குப் போய், ரோட்டோரம் ஒரு குட்டைச் செடியைப் பிடுங்கினான். ஆணிவேர் நாலு விரல் ஆழம் இறங்கி, அதற்குமேல் வழியில்லாமல் பக்கவாட்டில் மடங்கியிருந்தது. கையிலிருந்த கடப்பாரையை மண்ணில் போட்டான். டங்கென்று எகிறியது.

வயலுக்குள் நடந்தான். குட்டைச் செடிகள் நின்றது பட்டை பட்டையாக, ஜோடி ஜோடியாக. ஒவ்வொரு ஜோடியிலும் இரண்டு பட்டைக்கும் நடுவே டிராக்டர் அகலம். சக்கரம் படாத இடத்தில், அதே உரத்தில், செடிகள் அவன் இடுப்பைத் தாண்டி நின்றன. டிராக்டர் திரும்பித் திரும்பி வந்த ரோட்டோரம் முழுக்கக் குட்டைதான்; ரோட்டிலிருந்தே பார்த்துவிட்டுப் போனவன் கண்ணில் இது எப்படிப் படும்?

விதைக்கும் முன்னால், மழை விட்ட மறுநாள் அவள் கெஞ்சியது ஞாபகம் வந்தது. "ஈரம் காயட்டுங்க. இப்ப லோடு ஏத்தி ஓட்டினா மண்ணு இறுகிடும்." இரவல் டிராக்டரைத் திருப்பிக் கொடுக்கிற அவசரத்தில், டிரெய்லர் நிறைய உரத்தோடு சேற்றில் போய்ப்போய் வந்தவன் அவன்தான்.

செடியோடு குழியடிக்குப் போனான்.

"உன் உரத்துல தப்பில்ல. என் டயர்தான்."

"தெரியும்."

"எப்பலேர்ந்து?"

"முளைச்சப்பவே. வரிசை தெரிஞ்சுதே."

"அப்போ அக்கா வீட்லயே சொல்லியிருக்கலாமே?"

அவள் அவனை ஒருமுறை பார்த்தாள். "அத்தனை பேர் முன்னாடி உங்களையா?"

பிறகு மண்ணை அள்ளிக் குழிக்குள் போடத் தொடங்கினாள். அந்த மண்வெட்டியை வாங்கக்கூட அவனுக்குக் கை நீளவில்லை.